கூட்டிய மூன்று, மூடிய இரண்டு

உங்களில் எண்பதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் மிச்சமிருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. போன மாதம் என்னோடு ஒரே வகுப்பில் இருந்தவர்களை எண்ணிப் பார்த்தேன். நான்கு பேர். அதில் ஒருவருக்கு இப்போது என்னை அடையாளம் தெரிவதில்லை. ஆகவே மூன்று. அந்த மூன்று பேராவது நான் சொல்வது சரியா பிழையா என்று பார்க்கட்டும். என் தம்பியை நம்ப முடியாது. எங்கள் கொழும்பு வீட்டுத் தோட்டத்தில் பாத்திகள் ஆறு என்று கனடாவிலிருந்து தொலைபேசியில் சண்டை பிடிக்கிறான். பாத்திகள் ஐந்து. அவனுக்கு அப்போது மூன்று வயது. மூன்றுக்கு மேல் எண்ணத் தெரியாதவனுக்கு ஆறு எங்கிருந்து வந்தது? எனக்கு எட்டு வயது. அந்த வயதிலேயே நான் கண்டதையெல்லாம் எண்ணுகிறவன்.

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டதற்கு அடுத்த வருஷத்து மாசி, பங்குனி அது. மழை இல்லை. வெள்ளவத்தையில் கடலுக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. ரயில் போனால் யன்னல் கண்ணாடிகள் அதிரும். கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. தெருவிளக்குகளுக்குத் தகரத் தொப்பி. கார்களின் முன்விளக்கில் பாதிக்கு மேல் கறுப்பு மை. வாய்க்கால் பாலத்தடியில் இருந்த இராணுவ லொறிகளின் மேல் வலை விரித்து, வலையின் மேல் தென்னோலை போட்டிருந்தார்கள். எதைப் பார்த்தாலும் ஏதாவது ஒன்றால் மூடியிருந்தது. ஏன் மூடுகிறார்கள் என்று கேட்டால் எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்தான் வந்தது: "மேலயிருந்து அவனுக்குத் தெரியக்கூடாது."

வீட்டில் நாங்கள் ஐந்து பேர். அப்பா கோட்டையில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர். அம்மா. நான். தம்பி. அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா. சின்னம்மாவுக்கு இருபத்துமூன்று வயது. பக்கத்துப் பெண்கள் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தவர். அந்தக் கட்டடத்தை இராணுவம் எடுத்துக்கொண்டபின் பாடசாலை மலைநாட்டுக்குப் போய்விட்டது. சின்னம்மாவைக் கூட்டிப்போகவில்லை. அவர் காலையில் எழுந்து, பள்ளிக்கூடம் போகிறவர் மாதிரியே தலை வாரிக்கொண்டு சும்மா இருந்தார்.

அரிசிக் கூப்பனில் கிடைக்கும் அரிசி திங்களில் தொடங்கி வியாழனில் முடிந்துவிடும். மிச்ச நாட்களில் பாண் ரொட்டியும் மரவள்ளிக் கிழங்கும்தான். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அப்பா தீர்ப்புச் சொன்னார்.

"இந்தக் கூப்பனை வைச்சு அஞ்சு வயித்தை நான் எப்பிடி நிரப்புறது? சித்திரையோட எல்லாரும் ஊருக்குப் போங்கோ. நான் கடைச் சாப்பாட்டோட சமாளிச்சுக்கொள்ளுவன்."

ஊர் என்றால் யாழ்ப்பாணம். அங்கே பெரியமாமா வீடு. பெரியமாமா சின்னம்மாவுக்கு ஒரு மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருந்தார்: மனைவி இறந்த ஒரு கடைக்காரர், இரண்டு பிள்ளைகள். ஊருக்குப் போனால் அடுத்த முகூர்த்தத்தில் கலியாணம். இதைச் சின்னம்மாவிடம் யாரும் நேரே சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"அத்தான், எனக்கு இஞ்ச ஒரு வேலை கிடைச்சா?" என்று கேட்டார் சின்னம்மா.

"கிடைச்சா இரும். ஆர் வேண்டாமெண்டது? உம்மட பள்ளிக்கூடத்தில இப்ப ஆமிக்காரன் படுத்திருக்கிறான். அவனுக்கோ படிப்பிக்கப் போறீர்?"

சின்னம்மா எழுந்துபோய்ப் பத்திரிகைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். உணவுப் பஞ்சத்துக்காக அரசாங்கம் வீட்டுத் தோட்டங்களைப் பரப்பிக்கொண்டிருந்தது. பெண்களுக்குத் தோட்டம் போடச் சொல்லிக்கொடுக்கப் பெண் போதனாசிரியர்கள் தேவை. விண்ணப்பிப்பவர் தன் கையால் போட்ட தோட்டத்தைக் காட்டவேண்டும். அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார். வேலை கிடைத்தால் தன்னோடு படிப்பித்த ரீச்சர் ஒருவரின் கொட்டாஞ்சேனை வீட்டில் தங்கலாம் என்று சின்னம்மா அதற்குள் கதைத்து முடித்திருந்தார்.

அப்பா துண்டை இரண்டு தரம் வாசித்தார். "பங்குனி முடியிறதுக்குள்ள," என்றார். "அதுக்குப் பிறகு ரயில் ரிக்கற் எடுத்திடுவன்."

தோட்டத்துக்கு மண் தேடவேண்டியிருக்கவில்லை. சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்த நேரம் வீட்டின் பின்வளவில் பதுங்கு குழி வெட்டியிருந்தோம். பதினொரு அடி நீளம். வெட்டிய மண் மலைபோல் குவிந்து கிடந்தது. சின்னம்மா அந்த மண்ணைச் சுமந்து முழங்கால் உயரத்துக்கு ஐந்து மேட்டுப்பாத்திகள் கட்டினார். ஒவ்வொன்றும் பத்தடி நீளம், மூன்றடி அகலம். சுற்றிவர உடைந்த கூரை ஓடுகளைக் குத்தி நிறுத்தினார். ஓடுகள் நூற்றுப்பன்னிரண்டு. அவற்றை எடுத்துக் கொடுத்தது நான்.

செடிகளைச் சின்னம்மா நெருக்கமாக நட்டார். ஒரு சாணுக்கு ஒன்று: கத்தரி, வெண்டி, மிளகாய், இடையில் கீரை. ஊரில் இரண்டு முழத்துக்கு ஒரு கத்தரி நடுவார்கள் என்றார் அம்மா. "ஊரில காணி இருக்கு. இங்க பதுங்கு குழிதான் இருக்கு," என்றார் சின்னம்மா. முதல் பாத்தியில் நாற்பத்தாறு, இரண்டாவதில் நாற்பத்துநான்கு, மூன்றாவதில் நாற்பத்தெட்டு, நான்காவதில் நாற்பத்தைந்து, ஐந்தாவதில் நாற்பத்துமூன்று. மொத்தம் இருநூற்றிருபத்தாறு. தம்பி கேட்டால் இதையும் மறுப்பான்.

இனித்தான் விஷயம். அந்தப் பாத்திகளில் மண்ணைக் கண்ணால் காண முடியாது. செடிக்குச் செடி நடுவில் இருந்த இடத்தையெல்லாம் சின்னம்மா சருகால் மூடினார். ஈரப்பலாச் சருகு, வாழைச் சருகு, உதறிய தென்னந்தும்பு. கொட்டாஞ்சேனை ரீச்சரின் தகப்பன் துறைமுகத்தில் வேலை செய்தவர். பெட்டிகளுக்குள் பீங்கான் உடையாமல் வைக்கும் வைக்கோலை அவர் சாக்கில் கொடுத்தனுப்பினார். எல்லாம் சேர்த்து நான்கு விரல் தடிப்பு. இதற்கு மூடாக்கு என்று பெயர் இருப்பதை நான் உத்தியோகத்துக்குப் போன பிறகுதான் அறிந்தேன். அப்போது வீட்டில் அதற்குப் பெயர் குப்பை.

சாக்கைக் கொண்டுவந்த அன்று கொட்டாஞ்சேனை ரீச்சர் பாத்திகளைப் பார்த்துவிட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "மாதாவே! கீரைக்கு மெத்தை விரிச்சு வச்சிருக்கிறா. தலகாணியும் குடுப்பீங்களோ, மிஸ்?"

"வெயிலுக்கு மண் வெடிக்கக் கூடாதடி. கிணத்திலயும் தண்ணி இல்லை. இது போட்டா ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஊத்தினாப் போதும்."

"அதுக்குள்ள பாம்பு வந்தா?"

"எங்கட தம்பி எண்ணிச் சொல்லுவான்," என்று சின்னம்மா என்னைக் காட்டினார்.

பாம்பு வரவில்லை. மண்புழுதான் வந்தது. சருகைக் கிளப்பினால் கீழே மண் கறுப்பாய்ப் பிட்டுமா போல் உதிரும். கையை உள்ளே வைத்தால் உச்சி வெயிலிலும் குளிர்ச்சி. ஊறிய தேயிலைச் சாயம் போல ஒரு வாசம். இன்றைக்கும் எங்காவது சருகு மக்கிய வாசம் வந்தால் என் விரல்கள் தாமாக விரிகின்றன. மருத்துவர் அது நரம்புத் தளர்ச்சி என்கிறார். அவருக்கு என்ன தெரியும்?

"ஏன் சின்னம்மா மண்ணை மூடுறீங்கள்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மேலயிருந்து படுறது படக்கூடாது, அதுக்குத்தான்," என்றார். அவர் நினைத்தது வெயிலை. நான் விளங்கிக்கொண்டது வேறு. விளக்கை மூடுகிறோம், கண்ணாடியை மூடுகிறோம், லொறியை மூடுகிறார்கள். இப்போது பாத்தியையும் மூடுகிறோம். அப்படியென்றால் ஜப்பான்காரன் மேலே பறக்கும்போது தேடுவது எங்கள் கத்தரிக்காயையும்தான். இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. அன்றிலிருந்து காற்றில் ஒரு சருகு விலகினாலும் ஓடிப்போய்ச் சரிசெய்தேன். எனக்குத் தோட்டத்தில் எவ்வளவு அக்கறை என்று எல்லோரும் மெச்சினார்கள்.

அம்மாவுக்கு அந்தச் சருகு முள்ளாய்க் குத்தியது. எங்கள் ஊர்ப் பெண்களைத் தெரியும்தானே? விடிந்தால் முற்றம் கூட்டவேண்டும். விளக்குமாற்றின் கீறு அலை அலையாய் மண்ணில் தெரியவேண்டும். அதன்மேல் முதல் கால் படுவதற்கு முன்னால் ஒரு தரம் நின்று பார்க்கவேண்டும். கொழும்புக்கு வந்தும் அம்மா அதை ஒரு நாளும் விட்டதில்லை.

"எங்கட ஊரில குழையை மண்ணுக்குள்ள தாழ்ப்பினம்," என்பார் அம்மா. "மேல பரப்பி வைச்சுக்கொண்டு இருக்க மாட்டினம். வளவு செத்தவீடு மாதிரிக் கிடக்கு. ஆராவது வந்தா என்ன நினைப்பினம்? வீட்டில ரெண்டு பொம்பிளையள் இருந்தும் கூட்ட ஆளில்லையோ எண்டு கேக்க மாட்டினமே?"

"அக்கா, இன்னும் கொஞ்ச நாள். அதிகாரி வந்து பாத்திட்டுப் போகட்டும்."

அம்மா ஆறு வாரம் பொறுத்தார். பாத்திகளைச் சுற்றிக் கூட்டினார், பாத்திகளைத் தொடவில்லை. நாற்பத்திரண்டு நாள் தன் கையைக் கட்டி வைத்திருந்தார் என்றுதான் சொல்லவேண்டும்.

அதிகாரி சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருவதாகக் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை சின்னம்மா கொட்டாஞ்சேனைக்குப் போனார். அதிகாரி இங்கிலீசில் கேட்பார். கொன்வென்ற்றில் படித்த ரீச்சரோடு இருந்து பதில்களைச் சொல்லிப் பார்க்கவேண்டும். சின்னம்மாவின் பஸ் போனதும் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, விளக்குமாறை எடு. அவ வாறதுக்குள்ள வளவைத் துப்பரவாக்குவம். கண்டா எவ்வளவு சந்தோசப்படுவா!"

"பாத்தியிலையுமோ?"

"பாத்தியிலதானே குப்பை."

"அம்மா, மூடினதைத் திறக்கக் கூடாது."

"என்னடா மூடினது?"

"சருகு."

"சருகு எண்டாக் கூட்டுறதுக்குத்தான். பெரிய துரை வாறார். இந்தக் கோலத்தைக் கண்டா உன்ர சின்னம்மாவுக்கு வேலை குடுப்பாரோ?"

அம்மாவின் முகம் எனக்கு இப்போதும் தெரிகிறது. அதில் ஒரு களவும் இல்லை. இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், பின்னால் ஒரு காலத்தில் நானே சந்தேகப்பட்டேன் என்பதுதான்.

நான் கூட்டினேன். அம்மா என் பக்கத்தில் குந்தியிருந்து, விளக்குமாறு போகாத இடங்களில், செடிகளுக்கு நோகாமல் விரலால் சருகு பொறுக்கினார். ஒவ்வொரு தண்டையும் பிள்ளையின் காதைத் துடைப்பதுபோலத் துடைத்தார். மூன்று பாத்திகளிலிருந்து பதினாலு பனையோலைக் கடகம் சருகு. வேலிக் கரையில் குவித்து நெருப்பு வைத்தார். புகை நேரே மேலே போனது. நான் புகையோடு சேர்ந்து அண்ணாந்து பார்த்தேன். வானம் ஒன்றுமில்லாமல் பளிச்சென்று இருந்தது. கீழே மூன்று பாத்தியும் வெறும் மண்ணாய், மேலே பார்த்துக்கொண்டு கிடந்தன.

அப்போதுதான் சைரன் ஊதியது.

அம்மா தம்பியைத் தூக்கி, என் கையை இழுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார். கணுக்கால் அளவு ஊத்தைத் தண்ணீர். ஒரு தவளை. அம்மா கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தார். நான் ஒன்றிலிருந்து எண்ணினேன். எங்கோ ஒரு விமானம் உறுமியது. கண்டுவிட்டான், எங்கள் பாத்தியைக் கண்டுவிட்டான், நான்தான் திறந்து காட்டினேன். ஆயிரத்து முந்நூற்றுப் பதினேழில் ஆபத்து இல்லை என்ற சைரன் ஊதியது. அது ஒத்திகைச் சைரனாகவும், அந்த விமானம் நம்முடையதாகவும்தான் இருந்திருக்கும். குண்டு எதுவும் விழவில்லை. ஆனால் எனக்கு அது எப்படித் தெரியும்?

மேலே வந்ததும் அம்மா விளக்குமாற்றை நீட்டினார். "ரெண்டுதானே மிச்சம். கெதியாக் கூட்டு." நான் வாங்கவில்லை. நான்காவது பாத்தியின் விளிம்பில் இருந்துகொண்டு, குத்தியிருந்த ஓடு ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதேன். காரணம் சொல்லவில்லை. சொன்னால் இந்தப் பாவம் முழுவதும் என் தலையில்தான் என்று தெரிந்துவிடும். அம்மா, பிள்ளை சைரனுக்குப் பயந்துவிட்டான் என்று நினைத்து, என் தலையைத் தடவினார். "சரி, விடு. மிச்சத்தை நாளைக்குக் காலமை நான் பாக்கிறன்."

சின்னம்மா வரும்போது ஐந்து மணி. பின்வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். அன்றைய வெயில் மூன்று பாத்திகளையும் சாம்பல் நிறமாக்கியிருந்தது. மண்ணில் மயிர்போல் வெடிப்பு ஓடத் தொடங்கியிருந்தது. கீரைகள் தலை தொங்கிவிட்டன.

"எப்பிடி இருக்கு?" என்றார் அம்மா, கையைத் துடைத்துக்கொண்டு.

சின்னம்மா செருப்போடேயே இறங்கிப்போய் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "சருகு எங்க அக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"எரிச்சாச்சு."

சின்னம்மா கடகத்தை எடுத்துக்கொண்டு தெருப்படலையைத் திறந்தார். நான் பின்னால் ஓடினேன். ஒழுங்கையில் இருபத்தாறு வீடு. எல்லா வளவிலும் மரம் இருக்கிறது. எந்த வளவிலும் ஒரு சருகு இல்லை. எல்லாப் பெண்களும் காலையிலேயே கூட்டி எரித்துவிட்டிருந்தார்கள். மூலை வீட்டுச் சிங்களப் பெண்ணின் ஈரப்பலா மரத்தின் கீழ் மண்கூட மினுங்கியது. சின்னம்மா கேட்டதும் அந்த அம்மாள் வெட்கப்பட்டுப்போனார். "கொல எகக்வத் நே, மிஸ்," என்றார், ஒரு இலைகூட இல்லை என்று. தன் வீட்டுத் துப்பரவில் ஏதோ குறை கேட்க வந்திருக்கிறோம் என்று நினைத்திருக்கவேண்டும். ஆறு வாரம் சேர்த்ததை ஒரு மாலையில் சேர்க்க முடியுமா? நாங்கள் கொண்டுவந்தது பதினேழு சருகு. சின்னம்மா அவற்றை மூன்றாவது பாத்தியின் ஒரு மூலையில் வைத்தார். பிறகு அவற்றையும் எடுத்துவிட்டார். பிறகு கிணற்றடிக்குப் போய், அடியில் கிடந்த கலங்கல் தண்ணீரை மொண்டு வந்து ஊற்றினார்.

இரவுச் சாப்பாட்டில் அப்பா விஷயத்தைக் கேள்விப்பட்டார். அம்மாவைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "உமக்கு ஊருக்குத் தனியப் போகப் பயம். அவளையும் இழுத்துக்கொண்டு போறதுக்கு வழி பாத்திட்டீர்."

"நானோ?" என்றார் அம்மா. "நானோ அப்பிடிச் செய்யிறவள்?"

அப்பா பாணைப் பிய்த்தார். சின்னம்மா தட்டோடு எழும்பிப் போனார். அம்மா குசினிக்குள் போய், அடுப்புக்கு முன்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா சொன்னதை நான் பல வருஷம் நம்பினேன். அப்பா படித்தவர், கந்தோரில் வேலை செய்பவர். அவருக்குத் தெரியாதா என்று. இப்போது நம்பவில்லை. சில நாட்களில் கொஞ்சம் நம்புகிறேன். அம்மாவுக்கே முழுதாகத் தெரிந்திருக்குமா? எனக்குத் தெளிவில்லை.

சனிக்கிழமை அம்மா விளக்குமாற்றைத் தொடவில்லை. அப்பா கந்தோருக்குப் போய்விட்டார். ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்ன அதிகாரி பதினொன்றேகாலுக்குச் சைக்கிளில் வந்தார். சிங்களவர், காக்கிக் காற்சட்டை, முழங்காலில் பழைய காயம், தலையில் வெயில்தொப்பி. அதற்குள் சூரியன் செய்யவேண்டியதைச் செய்துவிட்டது. கூட்டிய மூன்று பாத்தியில் நூற்று முப்பத்தெட்டுச் செடிகள். அதில் அறுபத்தொன்று சரிந்து கிடந்தன. மூடிய இரண்டில் எண்பத்தெட்டு. எல்லாம் நிமிர்ந்து நின்றன.

சின்னம்மா அவரைப் பின்வளவுக்கு அழைத்து வந்தார். கொட்டாஞ்சேனையில் பாடமாக்கிய பதில் ஒன்றும் அவர் வாயில் இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அம்மா குசினி வாசலில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு இங்கிலீசு ஒரு சொல்லும் தெரியாது.

அதிகாரி முதல் பாத்தியில் குனிந்தார். விரலை மண்ணில் குத்தினார், இறங்கவில்லை. முகத்தைச் சுளித்தார். இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றிலும் சுளித்தார். நான்காவது பாத்திக்கு வந்து சருகைக் கிளப்பினார். கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டார். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். ஒரு பிடி மண்ணை எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். தொப்பியைக் கழற்றினார். திரும்பி மூன்றையும் பார்த்தார், இரண்டையும் பார்த்தார், சின்னம்மாவைப் பார்த்தார். ஏதோ கேட்டார். நீளமான கேள்வி. அதில் ஒரு சொல்லின் ஓசை மட்டும் எனக்கு மனதில் நின்றது: டெலிபரட்லி.

சின்னம்மா மூடிய பாத்திகளைப் பார்த்தார். நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவதில் சொன்னார்.

"யெஸ், சேர்."

அது எனக்குத் தெரிந்த இங்கிலீசு. அதிகாரி சிரித்துக்கொண்டு தன் கொப்பியில் எழுதத் தொடங்கினார்.

"என்னவாமடி? என்ன சொல்லுறார்?" வாசலில் இருந்து அம்மா கேட்டார். முதல் நாள் இரவிலிருந்து அவர் ஒருவரோடும் கதைத்திருக்கவில்லை.

சின்னம்மா திரும்பினார். "வளவு நல்ல வடிவாக் கூட்டியிருக்கெண்டு சொல்லுறார், அக்கா. ஆர் கூட்டினதெண்டு கேட்டவர்."

"நீ என்ன சொன்னனீ?"

"என்ர அக்கா எண்டனான்."

அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். உள்ளே ஓடிப்போய், ஒளித்து வைத்திருந்த பனங்கட்டியோடு தேத்தண்ணி கொண்டுவந்தார். அதிகாரி குடித்துவிட்டு அம்மாவுக்குக் கைகூப்பினார். எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. வடிவாக இருக்கிறது என்று சொல்பவர் ஏன் முகத்தைச் சுளித்தார்? அம்மா கூட்டாத பாத்திக்கு ஏன் தொப்பியைக் கழற்றினார்? ஜப்பான்காரனுக்குத் தெரியும்படி திறந்து வைத்ததற்கு ஏன் ஒருவரும் என்னை அடிக்கவில்லை? நான் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒருவர் முகத்துக்கும் மற்றவர் முகத்துக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. இரண்டு வருஷம் கழித்து அகராதி புரட்டத் தெரிந்தபோது முதலில் தேடிய சொல் அதுதான். டெலிபரட்லி: வேண்டுமென்றே. அதிகாரி கேட்டது இதுதான்: நீ வேண்டுமென்றேதான் மூன்றைக் கூட்டி இரண்டை மூடி, வித்தியாசத்தைக் காட்டினாயா?

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. அப்பா அதை நின்றபடியே வாசித்துத் தமிழில் சொன்னார். வேலை கிடைத்துவிட்டது. சம்பளம், சைக்கிள், தொப்பி. "கூட்டிய பாத்தியையும் மூடிய பாத்தியையும்..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். கண் மட்டும் வரியில் ஓடியது. அம்மாவைப் பார்த்தார். அந்த வரியை அவர் வாசிக்கவேயில்லை. அடுத்த வரிக்குப் போனார்.

"தமிழ் தெரிஞ்ச பொம்பிளைப் போதனாசிரியர் அங்கதான் தேவையாம். யாழ்ப்பாணத்துக்குப் போட்டிருக்கினம்."

சின்னம்மா கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களோ, இஞ்சருங்கோ!" என்று அம்மா அப்பாவிடம் சொன்னார். "நான் கெடுத்தனான் எண்டீங்கள். இப்ப வேலையும் கிடைச்சுது, நாங்கள் எல்லாரும் ஒண்டாவும் போறம். நான் கூட்டாமல் விட்டிருந்தா?"

"ஓம், அக்கா," என்றார் சின்னம்மா.

அப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சித்திரையில் எல்லோரும் ஒரே ரயிலில் போனோம். சின்னம்மா எந்த ஊருக்குப் போகக்கூடாது என்று நூற்றுப்பன்னிரண்டு ஓடு நட்டாரோ, அந்த ஊருக்கு அரசாங்கமே ரிக்கற் கொடுத்து அனுப்பியது. ஆனால் போனது பெரியமாமா நினைத்த பெண் அல்ல. கடைக்காரர் பெண் பார்க்க வந்த அன்று சின்னம்மா சைக்கிளில் வெயில்தொப்பியோடு படலைக்குள் வந்தாராம். கடைக்காரர் தேத்தண்ணி முடிக்காமல் எழும்பிவிட்டார். பெரியமாமா மூன்று மாதம் சின்னம்மாவோடு கதைக்கவில்லை. சின்னம்மா பிறகும் கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை.

வேலை அவருக்கு இலகுவாக இருக்கவில்லை. முற்றம் கூட்டுவதையே பெருமையாக நினைக்கும் பெண்களிடம் போய்ச் சருகைப் போடு என்று சொல்லவேண்டும். கேட்டு, தலையாட்டி, மோர் கொடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த நாள் காலையில் கூட்டி எரித்துவிடுவார்களாம். முதல் வருஷம் நூற்றிருபது வீடு போனேன், ஒன்பது வீட்டில் சருகு நின்றது என்று ஒரு தரம் சொன்னார். அவரும் எண்ணுகிறவர்தான். எனக்கு அந்தப் பழக்கம் அவரிடமிருந்து வந்ததோ என்னவோ.

அம்மா அந்தக் கதையை ஒவ்வொரு கலியாண வீட்டிலும் சொன்னார். துரை வந்தார், முற்றத்தைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், ஆர் கூட்டினது என்று கேட்டார். வருஷம் போகப் போகத் துரை வெள்ளைக்காரராகிவிட்டார்.

பிறகு நாட்டுக்குள்ளேயே வந்த மற்ற யுத்தம் சின்னம்மாவை எழுபத்தைந்து வயதில் இரண்டு பைகளோடு திரும்பவும் வெள்ளவத்தைக்கே கொண்டுவந்தது. ஒரு காலத்தில் இருக்க ஆசைப்பட்ட கொழும்பு; ஆனால் மூன்றாம் மாடியில் என் வீடு. ஒரு பிடி மண் இல்லை. என்னோடு இருந்த அம்மாவுக்கு அப்போது எண்பது. அக்காவும் தங்கையும் பல்கனியில் பக்கத்தில் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பார்கள்.

ஒரு நாள் பின்னேரம் அம்மா தேத்தண்ணி போட உள்ளே போயிருந்தார். யாரையும் அடுப்படிக்குள் விடமாட்டார். சின்னம்மா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நான் கன காலமாக் கேக்க நினைச்சனான். அண்டைக்கு மூண்டோட ஏன் நிப்பாட்டினனீ?"

எனக்கு அறுபது வயது. ஓய்வுபெற்ற மனுஷன். ஆனாலும் அம்மா வருகிறாரா என்று முதலில் உள்ளே எட்டிப் பார்த்தேன். ஜப்பான்காரன், மூடின லொறி, கத்தரிக்காய், சைரன், எல்லாவற்றையும் சொன்னேன். சின்னம்மா முதலில் விளங்காமல் பார்த்தார். பிறகு சிரித்தார். பல்லில்லாத வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணி வர, தோள் குலுங்கச் சிரித்தார்.

"அப்ப எனக்கு வேலை தந்தது ஜப்பான்காரனோ!"

"நான் அஞ்சையும் கூட்டியிருந்தா, சின்னம்மா?"

"அஞ்சையும் கூட்டியிருந்தா நான் கடைக்காரற்ர பிள்ளையளுக்குத் தலை வாரி இழுத்துக்கொண்டு இருந்திருப்பன்."

அவர் சிரிப்பு நின்றது. ரயில் ஒன்று கடற்கரைப் பக்கம் போகும் சத்தம் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே தெருவைப் பார்த்தார்.

"ஒண்டையும் நீ கூட்டாமல் விட்டிருந்தா..." என்று தொடங்கினார்.

அம்மா தட்டில் மூன்று கோப்பையோடு வந்துவிட்டார். "என்ன, ரெண்டு பேரும் சிரிக்கிறியள்?"

"நீங்கள் முத்தம் கூட்டினதைப் பற்றித்தான், அக்கா."

"அதுவோ?" அம்மா கோப்பைகளை வைத்துவிட்டு, இருந்து, சேலையைச் சரிசெய்துகொண்டார். "அந்தத் துரை படலைக்குள்ள வரேக்க பதினொரு மணியிருக்கும்..."

பதினொன்றேகால். நான் திருத்தவில்லை. சின்னம்மா நாடியைக் கையில் தாங்கி, இப்போதுதான் முதல் தரம் கேட்கிறவர்போல, அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்கத் தொடங்கினார்.